நகத்துக்கு அடியில் ஒரு மிளகு

வாசகி கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 42 வயது. மயூர் விஹாரில் இருக்கிறோம், கல்யாணமாகி தில்லிக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக இடது கை மோதிர விரல் நுனியில் ஒரு வலி. வெளியே பார்த்தால் வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. ஆனால் புடவைத் தலைப்பு உரசினால்கூட உயிர் போகிறது. டிசம்பர், ஜனவரியில் குழாயைத் திறந்து அரிசி களைந்தால் வலி முழங்கை வரை ஏறும், அடங்கக் கால் மணி நேரமாவது ஆகும். முதலில் நகச்சுத்தி என்று நினைத்து மாமியார் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிட்டார். செருகிய மறு நிமிஷமே அலறிக்கொண்டு பிடுங்கிப் போட்டேன். பிறகு ஒரு டாக்டர் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று காலர் போடச் சொன்னார். இன்னொருவர் நரம்புக்கு வைட்டமின் கொடுத்தார். கடைசியாகப் பார்த்தவர், "வீட்டில் ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். இப்போது வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அந்த நகத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரிகிறது, நுனியில் விரிசலும் விட்டிருக்கிறது. புற்றுநோயாக இருக்குமோ? நகத்தையே எடுத்துவிடுவார்களா? சென்னைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டுமா? விரலின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்று நினைத்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வலி உங்கள் மனசிலிருந்து வரவில்லை. மனக்கவலையில் வரும் வலி பெரும்பாலும் இடம் மாறும், நாள் மாறும், ஆளைப் பொறுத்து மாறும். உங்கள் வலி ஆறு வருஷமாக அதே விரலில், அதே நுனியில் உட்கார்ந்திருக்கிறது. லேசாகப் பட்டாலே தெறிக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கிளம்புகிறது. தாங்க முடியாத வலி, ஒரே புள்ளியில் தொடுகூச்சம், குளிர் ஆகாமை ஆகிய மூன்றும் ஒரே விரலில் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு: குளோமஸ் கட்டி.

விரலைத் தொட்டுப் பார்க்காமல் எந்த நோயையும் உறுதி செய்ய முடியாது, நானும் செய்யவில்லை. ஆனால் இந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் விரலைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால், ஆறு வருஷத்தில் அப்படி ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நம் விரல் நுனிகளில், தோலின் உட்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கின்றன. லத்தீனில் குளோமஸ் என்றால் நூல்கண்டு. சுருண்ட குட்டிக் குழாய் ஒன்று, அதைச் சுற்றித் தசைத்தன்மை கொண்ட செல்கள், கூடவே நெருக்கமான நரம்பு இழைகள் என்று உண்மையாகவே நூல்கண்டு போலத்தான் இருக்கும். வெக்கையில் விரிந்து உடம்புச் சூட்டை வெளியே விடுவதும், குளிரில் சுருங்கி உள்ளே காப்பதும் இதன் வேலை. நகத்துக்கு அடியில் இவை நிறைய உண்டு. அந்தக் கண்டுகளில் ஒன்றின் செல்கள் அளவு மீறிப் பெருகினால் வருவது குளோமஸ் கட்டி. ரத்தக்குழாய் சார்ந்த கட்டிதான், ஆனால் புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். நகத்தடியில் மிளகு அளவுக்கும் குறைவாகவே பல சமயம் இருக்கும். தொடையிலோ முதுகிலோ மிளகு அளவுக்கு ஒன்று வந்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். நகத்துக்கும் விரல் எலும்புக்கும் நடுவே அதற்கு நகர இடமே இல்லை. மேலே கல் போல நகம், கீழே எலும்பு, நடுவில் நரம்பு நிறைந்த ஒரு முடிச்சு. புடவைத் தலைப்பு உரசினால் உயிர் போவதற்குக் காரணம் இதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. தோலுக்கடியில் கடுமையாக வலிக்கும் சிறு முடிச்சு என்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் வுட் 1812-லேயே எழுதிவிட்டார். 1924-ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாசோன் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இது குளோமஸ் முடிச்சிலிருந்து பிறக்கிறது என்று காட்டினார். நூறு வருஷம் ஆகியும் நோயாளிகள் ஏழெட்டு வருஷம் அலைந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். கையில் வரும் மென்திசுக் கட்டிகளில் இது 1 முதல் 5 சதவீதம் மட்டுமே என்பதால், பல டாக்டர்கள் தங்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டுக்கு மேல் பார்த்திருக்க மாட்டார்கள். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. நகத்தடியில் வருவது பெண்களுக்குக் கூடுதல். அந்த வயதுப் பெண் வந்து "தொட்டால் வலிக்கிறது டாக்டர், ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை" என்று சொன்னால், உடனே "டென்ஷனா?" என்ற கேள்வி வந்து விழுகிறது. இது என்னை எப்போதும் வருத்தும் விஷயம்.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு பெண்மணி, வலது கட்டைவிரலைப் பஞ்சு வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தார். பஞ்சை அவிழ்த்துப் பார்த்தேன், தோல் சுத்தமாக இருந்தது. வலி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு வருஷம் கழித்து, மற்றொரு மருத்துவர் எடுத்துவிட்ட கட்டியின் அறிக்கையோடு அவரே என்னிடம் திரும்பி வந்தார். கோபமாக வரவில்லை. "இனி யாராவது இப்படி வந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மேஜை இழுப்பறையில் மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில் ஒன்று கிடக்கிறது. அது எதற்கு என்று சொல்கிறேன்.

இந்த நோய்க்கான முதல் சோதனைக்கு ரீஃபில் முனையோ குண்டூசியின் தலையோ போதும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கிராஃப்டன் லவ் என்ற அறுவை மருத்துவர் 1944-ல் சொன்னது. விரலை மேஜைமேல் வைத்து, நகத்தின் மேல் ரீஃபில் முனையால் மெல்ல, ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். நுனியில், ஓரத்தில், நடுவில் அழுத்தும்போது நோயாளி சும்மா இருப்பார். ஏதோ ஒரு புள்ளியில் முனை பட்டதும் கை தானாகப் பின்னால் பாயும். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அழுத்தினால் வலி இருக்காது. நகச்சுத்தியில் இப்படி நடக்காது, அதில் விரல் நுனி முழுவதுமே வலிக்கும். கழுத்து நரம்பு அழுந்தினால் நகத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் வலிக்க வழியே இல்லை.

இதை நீங்கள் வீட்டில் ஒரு முறை செய்து பார்க்கலாம். கூர்மையான ஊசி வேண்டாம், மழுங்கிய முனை போதும். வலிக்கும் புள்ளி கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். புள்ளி நகத்தின் எந்தப் பக்கம், அடியிலிருக்கும் வெள்ளைப் பிறைக்குப் பக்கத்திலா நுனிக்குப் பக்கத்திலா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனையை மருத்துவர் செய்யட்டும். கையைத் தூக்கிப் பிடித்து ரத்தம் வடியவிட்டு, மேற்கையில் பி.பி. பார்க்கும் பட்டையைக் கட்டி, ரத்த அழுத்தத்துக்கு மேல் காற்றடிக்க வேண்டும். கைக்கு ரத்தம் போவது நின்றதும் அந்தப் புள்ளியை அழுத்தினால் வலி இருக்காது, அல்லது வெகுவாகக் குறைந்திருக்கும். காற்றை இறக்கிய கணமே வலி பாய்ந்து வரும். 1970-ல் ஹில்ட்ரெத் என்பவர் சொன்ன சோதனை இது. வலி ரத்தக்குழாய் சார்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு எளிய வழியை நான் பார்த்ததில்லை. வீட்டில் ரப்பர் பேண்டைச் சுற்றி இதைச் செய்து பார்க்காதீர்கள். மறந்துவிட்டால் விரலுக்கே ஆபத்து.

மூன்றாவது, குளிர்ச் சோதனை. உங்களுக்கு அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம் செருகினால் அந்தக் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கும், அதற்காகத்தான் நம் வீடுகளில் செருகுகிறார்கள். உங்களுக்கு அது பட்டதும் அலறல் வந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பழமா என்று மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், ஆறு வருஷத்துக்கு முன்பே அவர் தெரியாமல் சரியான சோதனையைச் செய்துவிட்டார். அவர்மேல் வருத்தம் வேண்டாம். டாக்டரிடம் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் சொல்லுங்கள்.

தில்லிக் குளிர் இந்த நோயாளிகளைப் படுத்தும் பாட்டை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஜனவரியில் இரவு வெப்பம் நாலைந்து டிகிரிக்கு இறங்கும். மொட்டைமாடித் தொட்டியில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீர் விடிகாலையில் குழாயில் வரும். சென்னையிலோ மதுரையிலோ இருந்திருந்தால் இந்தக் கட்டி உங்களை இவ்வளவு வாட்டியிருக்காது. இந்த ஊர்க் குளிர் நோயை உண்டாக்கவில்லை, இருந்த நோயை வெளியே காட்டிக்கொடுத்தது.

ஆனால் இதே குளிர்தான் குழப்பத்துக்கும் காரணம். குளிர்காலத்தில் விரல்கள் சிவந்து, தடித்து, அரிப்பும் எரிச்சலுமாக இருப்பது தில்லியில் சாதாரணம். அது குளிர்க்கொப்புளம், பல விரல்களில், கால் விரல்களிலும் வரும், வெயில் வந்தால் போய்விடும். இன்னும் சிலருக்குக் குளிர் பட்டதும் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு பட்டதும் சிவக்கும். அது ரேனாட் கோளாறு, அதுவும் பல விரல்களில்தான் வரும். மணிக்கட்டு நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும், ராத்திரியில் கையை உதறத் தோன்றும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது உண்மையாகவே இருக்கலாம். நாற்பது தாண்டிய பலருக்கு அது தெரியும். தெரிவதாலேயே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று ஆகாது.

உங்கள் நகத்தின் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். நகம் பிறக்கும் இடம் அடிப்பக்கம், தோலுக்குள் மறைந்திருக்கிறது. அங்கே அல்லது அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டி அழுத்தினால், அந்த இடத்திலிருந்து வளர்ந்து வரும் நகம் மெலிந்து வரும். மெலிந்த நகத்தின் வழியே அடியிலிருக்கும் சிவப்பு தெரியும். நுனிக்கு வந்ததும் அந்த மெலிந்த கோட்டில்தான் விரிசல் விடும். ஆக, கோடும் விரிசலும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே அடிப்பக்கம் போனால் கட்டி இருக்கும் இடத்தை ஊகித்துவிடலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இதைப் பார்க்க முடியவில்லை. நகத்தில் அடர்சிவப்பு நெயில்பாலிஷ் இருக்கிறது. விரிசலை மறைக்கத்தான் பூசியிருப்பீர்கள் என்று புரிகிறது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே துடைத்துவிடுங்கள். மருதாணியும் வேண்டாம். நீலம், ஊதா, சிவப்பு எது தெரிந்தாலும் எங்களுக்கு அது துப்பு.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நகத்தடிக் குளோமஸ் கட்டி புற்றாக மாறுவது மிக மிக அரிது. நீங்கள் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைச் சிவப்புக் கோடு வேறு காரணங்களாலும் வரலாம். நகத்துக்கு அடியிலிருக்கும் சதையான நகப்படுக்கையில் வளரும் வேறொரு தீங்கற்ற சிறு வளர்ச்சி அதில் முக்கியமானது, அபூர்வமாக ஆரம்பநிலைத் தோல் புற்றும் இருக்கலாம். கோடு கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து அகலமாகிக்கொண்டே போனால் அது முற்றிலும் வேறு விஷயம், ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. அதனால்தான் எடுக்கும் கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பயாப்சிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்கிறேன். ரத்தக்குழாயைச் சுற்றி ஒரே அளவில் உருண்டையான செல்கள் அடுக்கடுக்காக இருந்தால் நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார். அந்தத் தாள் கைக்கு வரும் வரை நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஸ்கேன் விஷயத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. எக்ஸ்ரே எடுத்தால் அந்த ஒரு விரலைப் பக்கவாட்டில் தனியாக எடுக்க வேண்டும். பல வருஷக் கட்டி எலும்பில் கிண்ணம் போல ஒரு குழியை உண்டாக்கியிருந்தால் அதில்தான் தெரியும். முழுக் கையையும் மேலிருந்து எடுத்த படத்தில் தப்பிவிடும். அடுத்து டாப்ளரோடு அல்ட்ராசவுண்ட். அனுபவமுள்ளவர் பார்த்தால் சின்னக் கறுப்பு உருண்டைக்குள் ரத்த ஓட்டம் மினுமினுப்பது திரையில் தெரியும். எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் "இடது கை" என்று மட்டும் சீட்டில் எழுதக் கூடாது. எந்த விரல், நகத்தின் எந்தப் பக்கம், குளோமஸ் கட்டி சந்தேகம் என்று எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் விரலுக்கேற்ற சின்னக் கம்பிச்சுருளில் வைத்து, மெல்லிய வெட்டுகளாக, மருந்து ஏற்றி எடுப்பார்கள். மருந்து ஏற்றியதும் கட்டி விளக்கேற்றியது போல ஒளிரும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான கட்டி எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாமல் போகலாம். மூன்று சோதனைகளும் ஆம் என்று சொல்லி, எம்.ஆர்.ஐ. மட்டும் இல்லை என்றால், நான் விரல் சொல்வதைத்தான் நம்புவேன்.

இதற்கு மாத்திரையோ களிம்போ கிடையாது. அறுவை ஒன்றே தீர்வு. முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வலி போய்விடுகிறது. ஆர்.கே.புரத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்தார், மத்திய அரசில் ஸ்டெனோகிராஃபராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய தோல் கையுறையில் ஒற்றை விரலை மட்டும் வெட்டி, அதைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டே திரிந்தார். பத்து வருஷம் யாருக்கும் கை கொடுத்ததில்லையாம். அவருக்கு ஒருமுறை நகத்தை மட்டும் பிடுங்கியிருந்தார்கள்; நகம் வளர்ந்ததும் வலியும் திரும்பியது. திரும்பாமல் என்ன செய்யும்? கூரையை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைத் தொடாமல் வந்திருக்கிறார்கள்.

அவருடைய அறுவையின்போது நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல முடிகிறது. அறுவை செய்தவர் முதலில் ஊசி போடவில்லை, பேனாவைத்தான் எடுத்தார். வலிக்கும் புள்ளியை நோயாளியே காட்ட, அந்த இடத்தில் மையால் குறி வைத்தார். ஊசி போட்டு விரல் மரத்துவிட்டால் நோயாளியால் இடம் காட்ட முடியாது. ரத்தம் வராமலிருக்க விரலைக் கட்டிவிட்டால் ரத்தம் வடிந்து கட்டியும் வெளுத்துவிடும், கண்ணுக்கும் பிடிபடாது. இந்தக் குறி வைப்பதை உங்கள் மருத்துவர் மறந்தால், தயங்காமல் நீங்களே நினைவூட்டுங்கள். பிறகு விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி. முழு மயக்கம் தேவையில்லை, பெரியவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். நகத்தை ஒரு பக்கமாகக் கதவு திறப்பது போலத் தூக்கி, நகப்படுக்கையை நீளவாக்கில் கீறியதும், சாம்பலும் இளஞ்சிவப்புமாகப் பளபளத்த ஒரு மணி எட்டிப் பார்த்தது. நாலு மில்லிமீட்டர்தான். சுற்றிலும் விடுவித்ததும் பச்சைப் பட்டாணி தோலிலிருந்து வருவது போலத் தனியாக வந்துவிட்டது. அடியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி எடுத்தார்கள். துணுக்கு மிச்சமிருந்தால் வலி திரும்பும். மறுபடி வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்வதும் அதற்காகத்தான். நகப்படுக்கையைத் தலைமுடி போல மெல்லிய, தானே கரையும் நூலால் தைத்து, நகத்தையே திரும்பப் படுக்க வைத்து மூடினார்கள்.

கட்டி நகத்தின் ஓரத்திலோ விரல் சதையிலோ இருந்தால் நகத்தைத் தொடாமல் பக்கவாட்டில் கீறியும் எடுக்கலாம். உங்களுக்கு எது என்பதை, புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அறுவை மருத்துவர்தான் முடிவு செய்வார். நகம் போய்விடுமா என்ற உங்கள் பயத்துக்குப் பதில் இதுதான்: எடுத்தாலும் வளரும். கை நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. முழுதாக வர நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். நகம் பிறக்கும் இடத்தில் கத்தி பட வேண்டியிருந்தால் லேசான வரியோ பிளவோ நிரந்தரமாக நிற்கலாம், அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வலி சிலருக்குக் கட்டுப் பிரிப்பதற்குள்ளேயே போய்விடும், சிலருக்கு ஓரிரண்டு மாதம் இழுக்கும். மூன்று மாதம் கழித்தும் அதே புள்ளி, அதே வலி என்றால் மறுபடி ஸ்கேன் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கையைத் தொங்கவிடாதீர்கள், தண்ணீரில் நனைக்காதீர்கள். அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதும் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். சர்க்கரை நோயோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லுங்கள்.

மற்ற விரல்களிலும் இதே போன்ற வலி இருக்கிறதா? உடம்பில் பால் கலந்த காபி நிறத்தில் அகலமான படைகள் ஐந்தாறு இருக்கின்றனவா, அக்குளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் உண்டா? இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்குக் குளோமஸ் கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் வரலாம். உங்கள் கடிதத்தில் ஒரே விரல்தான் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

சென்னைக்குப் போக வேண்டியதில்லை. அம்மா வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள ஆசை என்றால் அது வேறு, நல்ல காரணம்தான். வைத்தியத்துக்காக என்றால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், தில்ஷாத் கார்டனில் உள்ள குரு தேக் பகதூர் மருத்துவமனையில் தோல், எலும்புத் துறைகள் இரண்டும் இருக்கின்றன. எய்ம்ஸிலும் சப்தர்ஜங்கிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது. விரல் நுனி வேலை அவர்களுக்குப் பழக்கம். தனியாரிடம் போவதானால் கை அறுவையில் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். "இதற்கு முன் நகத்தடிக் கட்டி எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தோல் மருத்துவரிடம் முதலில் போனால் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்து நகக் கோட்டைப் பார்த்துக் குறித்துத் தருவார், அறுவை மருத்துவருக்கு அது உதவும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கழுத்து, காலர், வைட்டமின் என்று ஆறு வருஷக் கதையை ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கதையிலேயே அவர் தொலைந்துபோவார். விரலை மேஜைமேல் வையுங்கள். ரீஃபில் முனையால் அந்த ஒரு புள்ளியைக் காட்டுங்கள். "இங்கே மட்டும்தான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாங்க முடியவில்லை. குளோமஸ் கட்டியாக இருக்குமா என்று பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். உங்கள் கணவரையும் உடன் அழைத்துப் போங்கள். அழுத்தியதும் உங்கள் கை பின்னால் பாய்வதை அவர் ஒரு முறை கண்ணால் பார்க்கட்டும்.

தூக்க மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடமோ புதிய டாக்டரிடமோ கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். அதுவரை அரிசி களைவதற்கும் பாத்திரத்துக்கும் கீசர் தண்ணீர், இடது கைக்கு உள்ளே துணி வைத்த ரப்பர் கையுறை. பச்சைப் பட்டாணி சீசனில் கிலோ கணக்கில் உரித்து ஃப்ரீசரில் போடும் வேலையை இந்த வருஷம் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

இந்த மாதத்துக்குள் போய்விடுங்கள். ஹோலி தாண்டி வெயில் ஏறியதும் உங்கள் வலி பாதியாகக் குறையும். மெட்ரோவில் ஏ.சி. காற்று படும்போது மட்டும் சுருக்கென்று குத்தும். வைட்டமின் கேட்டுவிட்டது என்று நீங்களே நினைத்துக்கொள்வீர்கள், வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள், டாக்டரைப் பார்ப்பது அடுத்த டிசம்பருக்குத் தள்ளிப்போகும். ஆறு வருஷம் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பயாப்சி அறிக்கை வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். நான் நினைத்தது தவறு என்று வந்தாலும் எழுதுங்கள்.